கை நனைக்காத பிரியாணி

எங்கள் திருவொற்றியூர் வீட்டு மாடியில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டால், பக்கத்து ஆலைப் புகையில் மாலைக்குள் அது சாம்பல் நிறமாகி வரும். சாயம் போடுகிற செலவு மிச்சம் என்பேன். மனைவி சிரிக்க மாட்டாள். சிரித்தால் அவளுக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். "இந்தப் பொகை நிக்கலேன்னா நான் பெரம்பூருக்கு, எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்" என்று சொல்லியிருந்தாள்.

எழுபதுகளில் ஒரு வருஷம், புகையைக் கண்காணிக்க அரசாங்கம் ஒருவரைப் போடப்போவதாகச் சொன்னார்கள். யாரை? அந்தப் புகையை விடும் ஆலையிலேயே மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவரை! ஊர்க் கருத்தைக் கேட்க மாதா கோயில் மைதானத்துக்கு ஓர் ஆபீசர் வந்தார்.

"அவருக்குத்தான் மாமு பொகையப் பத்தித் தெரியும்" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். மகனுக்கு அந்த ஆலையில் வேலை கேட்டிருந்தான்.

"திருடனுக்குத்தான் பூட்டப் பத்தித் தெரியும். அதுக்கோசரம் சாவியக் குடுத்துடுவியா?" என்றேன்.

"உனுக்கு வாய்தான் நீளம்."

சண்டை சூடாகும் நேரத்தில் மேனேஜர் ஏற்பாடு செய்த பிரியாணி அண்டா வந்து இறங்கியது. பெண் கேட்கப் போனால், சம்மதம் சொல்லும்வரை அந்த வீட்டில் நாங்கள் கை நனைக்க மாட்டோம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் பேச்சு கிடையாது. இத்தனை வருஷம் எங்கள் மத்தியில் இருந்த மனுஷனுக்கு இது தெரியாதா? எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாயில் எச்சிலும் ஊறியது. இரண்டும் நிஜம்.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த மனைவி இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். கை கறுத்தது. சோறு விழுவதற்குள் இலையில் மறுபடி கரித்தூள். இலையோடு எழுந்து, ஆபீசர் பக்கத்தில் நின்ற மேனேஜரிடம் நேராகப் போனாள்.

"இன்னா சாரே, நீ மொதல்ல இந்த எலையில கை நனை. அப்பால நாங்க துன்றோம்."

"எனக்கு வயிறு சரியில்லம்மா."

"எனுக்கு மாரு சரியில்ல சாரே."

பாதிப் பேர் எழுந்துவிட்டோம். நான் எழுந்ததுதான் என் வாழ்நாளின் மாபெரும் தியாகம். மீதிப் பேர் குனிந்தபடி சாப்பிட்டார்கள். ஆபீசரும் ஏப்பம் விட்டு, சாப்பிடுகிறவர்களை மட்டும் பார்த்து, "அப்ப எல்லாருக்கும் சம்மதம்தானே" என்று ஜீப்பில் ஏறிவிட்டார். கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். ஜீப்பும் தன் பங்குக்கு என் முகத்தில் புகை விட்டது.

மேனேஜருக்குப் பதவி கிடைத்தது. மனைவி டிரங்குப் பெட்டியோடு பெரம்பூர் போனாள். வேலை முடிந்ததும் டோல்கேட்டில் பஸ் பிடித்து அவளைப் பார்க்கப் போவேன். அங்கே என் மொக்கை ஜோக்குக்கெல்லாம் இழுப்பில்லாமல் சிரித்தாள். எனக்குத்தான், எங்களைப் பிரித்த படுபாவிகள், சிரிப்பே வரவில்லை.