கம்பியில் கட்டிய துணி

மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துணி துவைத்துத் தரும் அந்தப் பெரிய சலவை நிலையத்தில் அவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றே கூப்பிட்டார்கள். படுக்கை விரிப்பை இரண்டு பேர் பிடித்தால்தான் இஸ்திரி இயந்திரத்தின் சூடான உருளைக்குள் நேராகப் போகும். அவள் ஒருத்தியே பிடித்து, கோடு போட்டதுபோல் அனுப்பிவிடுவாள். மேற்பார்வையாளராக ஆன பிறகும் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

வீட்டுப் பக்கம் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது: தங்கமான அண்ணி. கணவனின் கடைசித் தங்கைக்கு, வீட்டில் எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடுகிறவளுக்கு, வலது கையில் மூன்று விரல்கள் கிடையாது. அவளுக்குத் தலை பின்னி, பொத்தான் போட்டு, நகம் வெட்டிவிடுவதெல்லாம் இஸ்திரி அக்காதான். பதினோரு வருடங்களில் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. "இப்படி ஒரு அண்ணி கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்று பக்கத்து வீட்டுக்காரி வாய் நிறையச் சொல்லும்போதெல்லாம் இவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

அந்த விரல்கள் போனது இவளால்தான்.

உருளைக்கு முன்னால் ஒரு பாதுகாப்புக் கம்பி உண்டு. கை தவறிப் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். சுருண்ட துணி பட்டாலும் நின்றுவிடும். ஒரு நாள் வேலை தலைக்கு மேல் கிடக்க, நொடிக்கொரு தரம் இயந்திரம் நின்று உயிரை வாங்கியது. இவள் எரிச்சலில் கிழிந்த தலையணை உறையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக் கம்பியை அசையாமல் கட்டிவிட்டாள். தண்ணீர் குடிக்கப் போனாள். இவளே சொல்லிவைத்து வேலையில் சேர்த்திருந்த சின்னவள், அண்ணியின் இடம் காலியாக இருக்கிறதே என்று வந்து நின்று ஒரு விரிப்பை உருளைக்குள் கொடுத்தாள்; விரிப்போடு கையும் உள்ளே போனது. அலறல் கேட்டு இவள் ஓடி வருவதற்குள் யாரோ மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் சின்னவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். இவள் மட்டும் ஒரு கணம் பின்தங்கினாள். துணியை அவிழ்த்தாள். இடுப்பில் செருகிக்கொண்டாள்.

விசாரணைக்கு வந்தவர்கள் கம்பியைத் தட்டிப் பார்த்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிவிட்டுப் போனார்கள். கட்டியதையாவது அவசரம் என்று சொல்லலாம். அவிழ்த்ததற்கு என்ன பெயர்?

அன்றிலிருந்து தேவாலயத்தைப் பெருக்குவதும் பீடத்து விரிப்புகளைத் துவைப்பதும் அவள் வேலையாயின. வாரம் இரண்டு நாள் உபவாசம். திருவிருந்து நாளில் மட்டும், "பிள்ளைங்களை நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க" என்று எழுந்துவிடுவாள். இயேசுவின் நினைவாகத் தரும் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் தொட அவளுக்குத் துணிவு வரவில்லை.

இப்படியே காலம் போயிருக்கும். மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தாள். பேத்தியை ஆளாளுக்கு வாங்கிக் கொஞ்சினார்கள். சின்னவள் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"நீயும் வாங்கிக்கோயேன்" என்றாள் இவள்.

"வேணாம் அண்ணி. எனக்குத்தான் கவனம் பத்தாதே. ஊருக்கே தெரியும். கீழ விட்டுட்டேன்னா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. விரல்களைப் பறித்தது போதாதென்று, தன் குற்றத்தையும் அவள் தலையில் கட்டி, பதினோரு வருடம் அவளையே சுமக்க வைத்திருக்கிறோம். அது அன்றைக்குத்தான் இவளுக்கு உறைத்தது.

மறுநாள் சனிக்கிழமை. தேவாலயத்தில் போதகர் ஏணியில் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவளைவிட ஏழெட்டு வயது இளையவர். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, ஏணிக்கடியில் நின்றபடியே இவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் இறங்கி வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பதினோரு வருஷமா ஆண்டவர்கிட்ட தினமும் மன்னிப்புக் கேக்கறேன் ஐயா."

"தினமுமா? முதல் நாள் கேட்டது அவர் காதுல விழலைன்னு நினைச்சீங்களாம்மா?"

"விழுந்திருக்கும். ஆனா, என்னை மாதிரி ஒருத்திய அவர் சும்மா எப்படி விடுவார்?"

"சும்மா விடலையே. உங்க பாவத்துக்காகச் சிலுவையில தொங்கினாரே, அது சும்மாவா?"

அவர் படியிலிருந்து எழுந்தார். பக்கத்தில் முழங்கால் போட்டார். இவளும் போட்டாள். வழக்கமான கெஞ்சல் வாயில் வரவில்லை. "இயேசுவே, நான்தான் கட்டினேன். நான்தான் அவிழ்த்தேன். நீர் இதையும் சுமந்துட்டீர்ன்னு நம்பறேன். இனிமே இதை என்கிட்டயே வெச்சுக்க மாட்டேன்" என்றாள். இத்தனை நாள் பெருக்கியதும் துவைத்ததும் அவருடைய மன்னிப்பை நம்பாமல் செய்த வேலை என்று புரிந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய ஆறுதலாகவும் இருந்தது. எழுந்தபோது அவளுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் திருவிருந்தில் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கணவனையும் சின்னவளையும் கூடத்தில் உட்காரவைத்தாள். சுற்றி வளைக்காமல் நான்கே வாக்கியங்களில் சொல்லி முடித்தாள்.

கணவன் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர், பேச்சு குறைவு. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சின்னவள் மட்டும் அசையாமல் இருந்தாள்.

"அந்தத் துணி என்ன கலர்?"

"நீலக் கோடு போட்டது."

"ஏதோ நீலமா கட்டியிருந்துச்சுன்னு நான் அப்பவே சொன்னேன் அண்ணி. மயக்கத்துல உளர்றான்னு சொல்லிட்டாங்க. அப்புறம் நானே என்னை நம்பல." அண்ணியின் பக்கம் திரும்பினாள். "நீங்க அன்னிக்கு ஆஸ்பத்திரியில என் கட்டில் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"ஆமா. கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

அன்றே சின்னவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் பெரிய அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை பேருந்தில் பழைய வெட்கம் வந்து காதோரம் உட்கார்ந்துகொண்டது. பார், வீட்டையும் உடைத்துவிட்டாய், இனி எந்த முகத்தோடு ஊரில் நடப்பாய் என்றது. "செஞ்சேன். அவருக்கும் தெரியும். மன்னிச்சுட்டாரு. போ" என்று இவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து இருக்கைக்காரி திடுக்கிட்டு, "என்னையாம்மா போகச் சொன்னீங்க?" என்றாள்.

"ஐயோ, உங்களை இல்லம்மா. அது வேற ஆளு."

மேலாளர் அவள் எழுதிக் கொடுத்த தாளைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இவ்வளவு வருஷம் கழிச்சு இதெல்லாம் எதுக்கு? யாரு கேட்டா உங்களை?"

"யாரும் கேக்கல சார். அதான் நானா வந்தேன்."

"உங்க நல்ல பேரு போயிடும்மா."

"அது என்னோடதில்ல சார். அவ மேல இருக்கற கெட்ட பேருதான் என்னோடது. அதை மாத்தி எழுதிக் குடுங்க, போதும்."

அவர் முதலில் தட்டிக்கழித்தார். இவள் விடவில்லை. தினமும் வேலை முடிந்ததும் போய் அறை வாசலில் நின்றாள். ஐந்தாவது வாரம் கடிதம் வந்தது: விபத்துக்குக் காரணம் பாதுகாப்புக் கம்பி கட்டப்பட்டிருந்ததே, விபத்துக்குள்ளான தொழிலாளியிடம் எந்தக் கவனக்குறைவும் இல்லை. அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. இவளுடைய மேற்பார்வைப் பொறுப்பு போயிற்று. துணி மடிக்கும் பகுதிக்கு மாற்றம். அவள் இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள்.

மடிக்கும் மேசையில் சில நாள் குசுகுசுப்பு ஓடியது. நான்காம் நாள் அவளே மடிப்பை நிறுத்திவிட்டு, "ஆமா, அது நான்தான். என்ன கேக்கணுமோ நேராக் கேளுங்க, சொல்றேன்" என்றாள். ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். இவள் சொன்னாள். புதிதாகச் சேருகிறவர்களை உருளைக்கு முன் நிறுத்தி அதே கதையைச் சொல்லும்படி பிறகு மேலாளரே கேட்டுக்கொண்டார். மாதம் ஒரு முறை சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்ளும். ஆனாலும் குனிந்துகொண்டு சொல்வதில்லை.

கடிதத்தின் நகலைக் கணவன்தான் தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாம் மாதம் சின்னவள் பெட்டியோடு திரும்பி வந்தாள். தானே பின்னிக்கொண்ட தலை. பின்னல் கொஞ்சம் கோணலாக, ஆனால் இறுக்கமாக இருந்தது.

"கோபம் இன்னும் போகல அண்ணி."

"போறப்ப போகட்டும்."

"கார் ஓட்டப் பழகறேன். கியர் இல்லாத வண்டி. கவனம் நல்லா இருக்குன்னு சொல்லிக்குடுக்கறவர் சொன்னார்."

"பழகு. நானும் கூட வரட்டுமா?"

சின்னவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பின் சீட்டுல உட்காரணும். 'பார்த்து, பார்த்து'ன்னு கத்தக் கூடாது."

"கத்தமாட்டேன்" என்றாள் இஸ்திரி அக்கா. அடுத்த சனிக்கிழமை ஒரு வளைவில் இரண்டு தரம் கத்தவும் செய்தாள்.