பெயரில்லாத பெண்களைத் தேடும் ஆராய்ச்சியாளர்

இன்று அம்பிட்டிய பஸ்ஸில் என் மானம் கப்பலேறியது.

பக்கத்து சீட்டில், பக்கத்து வீட்டு அக்கா. கண்டியில் ஏறியதிலிருந்து என் ஆராய்ச்சியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய தேவாலயப் பதிவேடுகளில் தேயிலைத் தோட்டத்துப் பெண்களைத் தேடுகிறேன். எங்கே பார்த்தாலும் “முத்துசாமியின் மனைவி”, “சவரிமுத்துவின் மகள்” என்றுதான் இருக்கிறது.

“பொம்பளைக்குச் சொந்தப் பேர எழுதினா கை வலிச்சிருமா?” என்று பொங்கினேன்.

“அநியாயம்தான் மிஸ்” என்ற அக்கா, பையைத் துழாவினார். “என் போனைக் காணோம். ஒரு கோல் குடுங்களேன்.”

கொடுத்தேன். பைக்குள்ளேயே மணி அடித்தது. அக்கா அதை எடுக்காமல் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் நம்பரை நான் சேமித்திருந்த பெயர்: “குமார் அண்ணன் வைஃப்.”

பிறகு தன் போனை எடுத்தார். அதில் என் முழுப் பெயர், இனிஷியலோடு.

“பரவாயில்ல மிஸ். நூறு வருஷம் கழிச்சு என்னயும் யாராச்சும் தேடுவாங்க” என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் போனில் அந்தப் பெயரைத் திருத்த உட்கார்ந்தேன். அக்காவின் பெயர் எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். குமார் அண்ணனிடம் கேட்பது இதைவிடக் கேவலம்.