கரைக்கு வந்தபின் சொல்லுங்கள்

"உங்க அண்ணன் காலையில போயிட்டாருப்பா. ஸ்டெல்லாவுக்கு மட்டும் சொல்லிடாத" என்றார் அண்ணி தொலைபேசியில். ஜெயசீலன் அண்ணனின் ஒரே மகள் ஸ்டெல்லா அப்போது நடுக்கடலில், ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் இருந்தாள்.

காஞ்சிபுரத்தில் எங்கள் வங்கிக் கிளைக்கு வந்துபோன உங்களுக்கு அவரைக் காவலாளியாகத்தான் தெரியும். அதற்குமுன் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர். அங்கே ஒரு கரண்டி விழுந்தாலும் எதிரிக்குக் கேட்டுவிடுமாம். அந்தப் பழக்கத்தில் வங்கியின் இரும்புக் கதவைக்கூடச் சத்தமில்லாமல்தான் சாத்துவார். "நம்ம பேங்க் மேல எவனும் குண்டு போடமாட்டாண்ணா" என்று கிண்டல் செய்வோம். "சத்தம் போட்டவன்தான்பா மொதல்ல மாட்டுவான்" என்பார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் குரல் உயரும். நீருக்கடியில் இருப்பவனின் வீட்டில் துக்கம் நேர்ந்தால், கப்பல் கரை திரும்பிய பிறகே அவனிடம் சொல்வார்களாம். சொந்த ஊரான மாகறலில் அவருடைய அம்மாவை அடக்கம் செய்து பல வாரங்கள் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. "எங்க கேப்டனுக்குத் தெரியும்பா. தெரிஞ்சும் எங்கூட சிரிச்சி பேசிக்கினு இருந்தாரு. நான் சீட்டாடிக்கினு இருந்தேன்" என்றார்.

அப்படிப்பட்டவர்தான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, தனக்கு என்ன நேர்ந்தாலும் மகள் கரைக்கு வரும்வரை அவளிடம் சொல்லக்கூடாது என்று அண்ணியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். மூன்று பேர் மட்டும் உட்காரக்கூடிய சிறிய நீர்மூழ்கியில் ஸ்டெல்லா முதன்முறையாகக் கடலின் அடிவரை இறங்கவிருந்தாள். "சண்டைக்கு இல்லப்பா, அடியில என்னா இருக்குதுன்னு பாக்கப் போறா எம் பொண்ணு" என்று பட்டுக்கடைக்காரர்கள் முதல் பென்ஷன் வாங்க வருபவர்கள்வரை எல்லோரிடமும் சொல்லிப் பூரித்தவர் அவர். கலங்கிய மனதோடு அவள் கீழே இறங்கக்கூடாது என்று நினைத்துவிட்டார்.

அடக்கமெல்லாம் முடிந்த பிறகு ஸ்டெல்லா வந்தாள். அழவில்லை.

"நாங்க எறங்கவே இல்ல அங்கிள். கடல் சரியில்லன்னு சும்மாதான் உக்காந்துக்கினு இருந்தோம். கப்பல்ல போன் இருந்துச்சு. அப்பா கொரலையாவது கேட்டிருப்பேன்."

அண்ணி தலைகுனிந்து நின்றார். ஸ்டெல்லா வேலையை விட்டுவிட்டாள். அம்மாவும் மகளும் ஒரே வீட்டில் பேசாமல் இருக்கிறார்கள். நான் போய்ச் சமாதானம் பேசிப் பார்த்தேன், பலிக்கவில்லை. இனிப் பலிக்கும் என்றும் தோன்றவில்லை.

அவரை அறிந்தவர்களே, நல்லதாக நான்கு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது கோபம்தான். அன்பினால் செய்தார் என்று தெரிந்தும் ஆறாத கோபம். அவர் உயிரோடு இருந்திருந்தால், அவரிடமே சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டிருப்பேன்.