ஆறு அங்குல வாய்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பெண்ணின் விறகைத் தூளாக்கிவிட்டேன். பட்டப்பகலில், கையுறை மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே!

பதற வேண்டாம்... விவரமாகவே சொல்கிறேன்.

நண்பர் நிசாமுக்கு மடவளையில் கடை; அலவத்துகொடவில் இரண்டு ஏக்கர் மிளகுத் தோட்டம். மிளகுக் கொடி படர்வதற்கு அங்கே கிளிசிரிடியா மரங்கள் நிற்கின்றன. மழைக்கு முன் அவற்றின் கிளைகளை வெட்டாவிட்டால் கொடிக்கு வெளிச்சம் கிடைக்காது. வெட்டினாலோ, குப்பை மலையாகக் குவியும். இத்தனை காலமும் அதை எரித்தார். பக்கத்து வீடுகள் இருமின.

இந்த முறை அவருக்கு ஒரு யோசனை. சிப்பர் வாங்குவது. கிளையைச் சீவித் தூளாக்கும் மெஷின். அவரிடம் இருக்கும் சின்ன ட்ராக்டரின் பின்னால் பூட்டினால், ட்ராக்டரின் எஞ்சினே அதைச் சுழற்றும். தூளை மிளகுக் கொடியின் அடியில் போட்டால் மண் காயாது.

"மச்சான், நீங்க படிச்ச ஆள். எந்த மெஷின் நல்லமெண்டு நீங்கதான் பார்த்துச் சொல்லோணும்" என்றார்.

பத்தி எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் நிசாம். மற்றவர் நான்.

மூன்று வாரம் குண்டசாலை வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்தேன். குதிரைவலு, பிளேட், எடை — எல்லாம் நோட்டில் குறித்தேன். என் மனைவி கேட்ட ஒரே கேள்வி: "நம்ம வீட்டுல ட்ராக்டரே இல்லையே?" அறிவுத்தாகம் உள்ளவன் இதற்கெல்லாம் பதில் சொல்ல மாட்டான்.

இருவரும் மெஷின் கடைக்குப் போனோம். "எவ்வளவு தடிப்பான கிளை போடுவீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. தோட்டத்தில் விழுவதில் முக்கால்வாசி விரல் தடிப்புக் குச்சியும் இலையும்தான். ஆனால் நிசாமின் கைகள் தாமாகவே அகன்றன. ஒரு தேங்காய் தாராளமாக நுழையும் அளவுக்கு!

நானாவது தடுத்தேனா? "வாய் ஆறு அங்குலம் இருந்தால் நல்லது" என்று வழிமொழிந்தேன். ஆண்கள் இரண்டு பேர் சேர்ந்து மெஷின் வாங்கப் போனால் சின்னது எப்படிக் கண்ணில் படும்?

"இந்த ட்ராக்டருக்கு மூணு அங்குலமே போதும். பெருசு பாரம். சரிவுல ட்ராக்டர்ட முன்சில்லு தரைய விட்டுத் தூக்கப் பாக்கும்" என்றார் கடைக்காரர். நாங்கள் கேட்கவில்லை. சரி, ஞாயிற்றுக்கிழமை பெரியதையே கொண்டுவந்து ஓட்டிக் காட்டுகிறேன் என்றார்.

அந்த ஞாயிறுதான் கிளை வெட்டும் கடைசி நாளும். வெட்டுகிறவர்கள் செல்வமணியும் அவர் கணவர் முருகையாவும். மேலே எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கிறார்கள். அவர்களுக்கும் நிசாமுக்கும் பல வருடப் பேச்சு: கூலியோடு தடித்த கிளையெல்லாம் வெட்டியவர்களுக்கு, இலையும் குச்சியும் தோட்டத்துக்கு. அந்தத் தடிகள்தான் செல்வமணி வீட்டு அடுப்புக்கு அடுத்த வெட்டு வரைக்கும் விறகு. வீட்டில் காஸ் சிலிண்டரும் இருக்கிறது. விருந்தாளி வந்தால் மட்டும் அது எரியும்.

பேச்சு நிசாமுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மெஷின் உறுமத் தொடங்கியதும் எங்கள் இருவருக்கும் பத்து வயதாகிவிட்டது.

முதலில் பச்சை இலையோடு கிளைகளைக் கொடுத்தோம். மெஷினின் வாய் அடைத்துக்கொண்டது. "நாலு நாள் வாட விட்டுப் போடணும்" என்றார் கடைக்காரர். யார் காத்திருப்பது? ஓரத்தில் இலை கழித்து அடுக்கியிருந்த தடிகள் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றாக நானே தூக்கிக் கொடுத்தேன். சர்ரென்று உள்ளே போனது. வெள்ளைத் தூளாக வெளியே பறந்தது. நிசாம் கைதட்டினார். ஒரு வருட விறகு அரை மணி நேரத்தில் தீர்ந்தது.

கணவரோடு தேநீர் குடிக்கப் போயிருந்த செல்வமணி, கட்டுவதற்குக் கயிறோடு வந்தார்.

"மொதலாளி, நாங்க ஒதுக்கி வச்ச வெறகு எங்கங்க?"

நிசாம் என்னைப் பார்த்தார். நான் தூளைப் பார்த்தேன். செல்வமணி குனிந்து ஒரு பிடி அள்ளினார்.

"இத அடுப்புல போட்டா பொகைதாங்க வரும். எரியாது."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கணவரோடு மேலே ஏறினார். எனக்கு வெட்கமாக இருந்தது. கையுறையைக் கழற்றி எங்கே வைப்பதென்றுகூடத் தெரியவில்லை.

"இனி அவங்க வராட்டி மரத்துல ஏற யாரு ஈக்கிற மச்சான்? இந்த மெஷின் ஏறுமா?" என்றார் நிசாம். பிறகு, "அத விடுங்க... அந்தப் புள்ளைட அடுப்பையல்லவா அரச்சிட்டோம்" என்றார்.

அன்று மாலையே தன் வீட்டுக்கென்று பிளந்து வைத்திருந்த பலா விறகை ட்ராக்டர் பெட்டியில் ஏற்றி லயத்து வாசலில் இறக்கினார். நானும் சுமந்தேன். செல்வமணி அடுக்க இடம் காட்டினார். பெரிய மெஷின் திரும்பிப் போய், மூன்று அங்குலம் வந்தது. என் நோட்டில் இருந்த எந்தக் கணக்கும் இந்த முடிவுக்கு உதவவில்லை.

போன வாரம் புது மெஷின் ஓடியது. வாடிய குச்சிகளை அது மொறுமொறுவென்று மென்றது. விடுபட்ட மூலையை வெட்டி முடித்த செல்வமணி, தலையில் தடிக்கட்டோடு வந்து ஒரு நிமிடம் நின்று பார்த்தார்.

"இது பரவாயில்லீங்க. தனக்கு உள்ளத மட்டும் திங்குது."

என் மனைவி என்னைப் பற்றி ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை!