பாட்டுப் போடாத பத்து நிமிடம்

கல்யாண வீடியோ எடுப்பவனின் படத்தை ஊரே பார்க்கும். ஆனால் அவரவர் முகம் வரும் இடத்தை மட்டும்தான் பார்க்கும். கமரா சுமந்து தோள் இறங்கிப்போன சகாக்களே, இந்த வயிற்றெரிச்சல் உங்களுக்கும் தெரியும்.

அதனால்தான் கண்டியில் கடை வைத்திருக்கும் நான், மணமக்களே இல்லாமல் ஒரு பயணப்படம் எடுக்கக் கிளம்பினேன். தெல்தோட்டையிலிருந்து கண்டி வழியாக மடவளை வரை பத்து நிமிடப் படம். வழியில் சந்திப்பவர்கள் தங்களுக்குப் பிடித்த வானொலிக் கதையைச் சொல்வார்கள். அந்தக் குரலோடு மலையும் பாதையும் ஓடும். திட்டத்தைக் கேட்ட என் மனைவி வசந்தா கேட்டாள்: "பொண்ணு மாப்பிள்ளை இல்லாத வீடியோவ யாருங்க பார்ப்பாங்க?"

பட்டுச்சேலையில் கொழுந்து

தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துக்கு முதல்நாளே சொல்லியனுப்பியது வினையாகிவிட்டது. போய்ப் பார்த்தால் மலை முழுக்கப் பட்டுச்சேலை. கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையைச் சுமந்தபடி, தலைநிறையப் பூவோடு, கமராவையே பார்த்து விறைப்பாக நிற்கிறார்கள். "சும்மா கொழுந்து பறிங்கக்கா" என்று கெஞ்சினேன். முன்வரிசையில் நின்ற செல்வமணி அக்கா அசையவில்லை. "வீடியோக்காரரு வர்றாருன்னா அழுக்குச் சேலையோடவா நிப்பாங்க? என் கல்யாணத்துக்கே இவ்வளவு சோடிக்கல!"

நின்றுபோன கதை

கதை சொல்ல ஆரம்பித்ததும் அதே செல்வமணி அக்கா கமராவை மறந்துவிட்டார். வீட்டைவிட்டு ஓடிப்போன மகளுக்காகத் தினமும் ஒரு தட்டில் சோறு எடுத்துவைக்கும் தாயின் கதை. வாராவாரம் வானொலியில் வந்த நாடகமாம். கடைசி வாரம் பாதியில் வானொலியின் பெட்டரி தீர்ந்துவிட்டது. அதன் முடிவைக் கேட்டவர் லயத்து வீடுகளில் ஒருவரும் இல்லை. இத்தனை வருடமாக அது அவர் மனதில் கிடந்து உறுத்தியிருக்கிறது. நான் கமராவை மூடும்போது கையைப் பிடித்துக்கொண்டார். "போற எடத்துலயெல்லாம் கேளுங்க தம்பி, அந்தப் புள்ள வீட்டுக்கு வந்துச்சா இல்லையா?"

மடவளையில் முடிவு

கண்டியில் நான் கேட்காத ஆள் இல்லை. பஸ் கண்டக்டர் வேறு கதை சொன்னார், தேநீர்க் கடைக்காரர் தன் சொந்தக் கதையைச் சொன்னார். கடைசியில் மடவளையில் துணிக்கடை வைத்திருக்கும் பளீல் அண்ணன், அவர்கள் பேச்சில் பளீல் நானா, நான் பாதி சொல்வதற்குள் மீதியைப் பிடித்துக்கொண்டார். மகள் வாசலில் வந்து நிற்கிறாள். தாய் ஏசவில்லை, அழவில்லை. "கையக் கழுவிட்டு வா, சோறு ஆறுது" என்கிறாள். அவ்வளவுதான் முடிவு. அதை அந்தத் தாயின் குரலிலேயே சொல்லிவிட்டு நானா துணியை மடிக்கத் தொடங்கினார். "அது முடிஞ்ச அண்டைக்கு எங்கட ஊட்டுல எல்லாரும் அழுதாங்க. நான் மட்டும் கண்ணுல தூசின்னு சொல்லிட்டேன்."

புல்லாங்குழல்

எங்கள் தொழில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடியோவில் யார் பேசினாலும் சத்தத்தை வெட்டிவிட்டுப் பாட்டுப் போடுவோம். எனக்குப் படம் வெட்டித்தரும் ரவியும் பழக்கதோஷத்தில் நானாவின் முடிவுமேல் புல்லாங்குழலை ஏற்றிவைத்திருந்தான். சோறும் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை. செல்வமணி அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன்? பாட்டையெல்லாம் எடுக்கவைத்தேன். ரவிக்கு அழுகையே வந்துவிட்டது. "பேசுறத யாரண்ணே கேட்பாங்க? சனம் எழும்பிப் போயிரும்!"

கோயில் மண்டபத்தில்

தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் படத்தைப் போட்டோம். பட்டுச்சேலைகள் வந்தபோது ஒரே விசில். அதன்பிறகு ஒரு முகம்கூட அவர்கள் முகம் இல்லை. இப்போது எழும்பிவிடுவார்கள் என்று பயந்தேன். பளீல் நானா பேச ஆரம்பித்தார். மண்டபம் அடங்கியது. "சோறு ஆறுது" என்று அவர் சொன்னபோது பலர் முந்தானையை எடுத்தார்கள். என் வாழ்க்கையில் எந்த முகூர்த்தத்திலும் எனக்கு அப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை. செல்வமணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "வந்துட்டாளா, சந்தோசம். ஆனா நான் அந்தத் தாயா இருந்தா ஒரு அறை குடுத்துட்டுத்தான் சோறு போடுவேன்!"

ஆக, தொழிலில் முன்னேறிவிட்டேன்: நேற்றுவரை கல்யாண வீடியோக்காரர், இன்று தெல்தோட்டையில் 'சோத்து வீடியோக்காரர்'.