எஃப்-1 அமுக்கினால் வெள்ளைப் பக்கம்

மென்பொருளுக்கு உதவிக் குறிப்பு எழுதுகிறவர்களை, எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் நினைப்பதில்லை.

நான் பதினாறு வருடமாக அந்த வேலையில் இருக்கிறேன். திருச்சி மன்னார்புரத்தில் ஒரு மாடி அலுவலகம். ரத்தப் பரிசோதனை லேப்களுக்கான மென்பொருள் செய்கிறோம். நோயாளியின் பெயரைப் பதிவதிலிருந்து ரிப்போர்ட் அச்சடிப்பது வரை எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும், கீபோர்டில் எஃப்-1 அமுக்கினால் தமிழில் விளக்கம் வரும். முந்நூற்றுச் சொச்சம் பக்கம், எல்லாம் என் கைப்பட எழுதியது. போன வருடம் லேப்களில் பழைய கம்ப்யூட்டர்களை மாற்ற ஆரம்பித்தார்கள். புதிய கம்ப்யூட்டர்களுக்கு எங்கள் பழைய வகை உதவிக் கோப்பைத் திறக்கத் தெரியவில்லை. மென்பொருள் ஓடுகிறது, உதவி மட்டும் இல்லை. உங்களில் வாடிக்கையாளர் போனை எடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆதரவு இல்லை

முதல் போன் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தது. சம்பத் மாமா அங்கே சின்னதாக ஒரு லேப் வைத்திருக்கிறார். வெறும் வயிற்றில் சுகர் பார்க்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, ரிப்போர்ட்டில் டாக்டர் பெயரை மாற்றும் வழி அவருக்கு மறந்துவிட்டது. எஃப்-1 அமுக்கியிருக்கிறார். திரையில் வந்ததை எனக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். இந்த வகை உதவிக்கு இந்தப் பதிப்பில் ஆதரவு இல்லையாம்.

ஒவ்வொரு படியாகப் போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். இருபது நிமிடம் ஆனது. ரிப்போர்ட் அச்சாகி வந்த சத்தம் எனக்கும் கேட்டது. போனை வைக்கும் முன் கேட்டார்: "ஏம்மா, உதவின்னு அமுக்கினா ஆதரவு இல்லைங்கறதே, இனிமே நான் யாரைப் போய்க் கேக்கறது?"

இடப்பக்கம் மட்டும்

பழைய கோப்பைத் திறந்து காட்டும் சின்ன மென்பொருள் ஒன்று இணையத்தில் கிடைத்தது. அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு கைலாசபுரம் பக்கம் ஒரு லேப்புக்கு நானே போனேன். அங்கே டெக்னீஷியனாக இருக்கும் குமார் பொறுமைசாலி. ஏற்றிவிட்டு எஃப்-1 அமுக்கினோம். இடப்பக்கம் தலைப்புகள் அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு தலைப்பைத் தொட்டோம். வலப்பக்கம் வெள்ளை. இன்னொன்றைத் தொட்டோம். அதுவும் வெள்ளை.

மதியம் வரை என்னென்னவோ செய்து பார்த்தேன். குமார் டீ வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது சொன்னார்: "ஹோட்டல்ல உக்கார வச்சு, மெனு கார்டை மட்டும் காட்டி அனுப்புற மாதிரி இருக்குங்க மேடம்."

யார் படிக்கிறாங்க

எல்லாவற்றையும் இணையப் பக்கங்களாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். எங்கள் புரோகிராமர் ரவி அதற்கு ஒரு வழி செய்து ஓட்டிப் பார்த்தார். திரை முழுக்கக் கோணல் மாணலாக ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடும் வந்தன. அந்தக் காலத்து எழுத்துருவில் நான் தட்டியது இப்போது தமிழாகவே தெரியவில்லை. எந்த எழுத்துரு என்று எனக்கும் நினைவில்லை. மூலப் பிரதி இருந்த கம்ப்யூட்டரை ஆபீஸ் மாறியபோது கழித்துப் போட்டுவிட்டார்கள்.

முதலாளியிடம் போய், எல்லாவற்றையும் மறுபடி தட்ட ஆறு மாதம் வேண்டும் என்று கேட்டேன். கோபப்படவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலத்தான் கேட்டார்: "இத்தனை வருஷமா எழுதுறீங்களே, படிச்சேன்னு யாராவது உங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்காங்களா?"

நாலு வரி

படித்துப் புரிந்துகொண்டவருக்குப் போன் பண்ண வேண்டிய அவசியமே இல்லை என்பது பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் தோன்றியது.

அடுத்த வாரம் செல்வி கூப்பிட்டாள். பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவள்தான் லேப். மலையில் மரவள்ளி போடுகிற ஒருவர் காய்ச்சலென்று மனைவியோடு இறங்கி வந்திருக்கிறார். அவர் ரத்தத்தில் பொட்டாசியம் பயப்படும்படி ஏறியிருந்தது. ரத்த மாதிரியில் மேலே தெளிந்து நின்ற நீர் லேசாகச் சிவந்திருந்ததைச் செல்வி கவனித்திருக்கிறாள். அதற்கென்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன்: ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் தெளிந்த நீர் சிவக்கும், பொட்டாசியம் உண்மையில் இருப்பதைவிட ஏறிக் காட்டும், அதை நம்ப வேண்டாம், மறுபடி ரத்தம் எடுக்கவும். அந்தப் பக்கம் திறக்கவில்லை. அப்போதே எனக்கு இரண்டு தடவை போன் பண்ணியிருக்கிறாள். நான் வேறொருவருக்குப் பிரிண்டரைச் சரிசெய்யப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் அவசரப்படுத்த, ரிப்போர்ட் போய்விட்டது. இதயம் நின்றுவிடலாம் என்று அந்த மனிதரை ஆம்புலன்ஸில் திருச்சிக்கு அனுப்பினார்கள். மனைவி வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாராம். பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் சரியாக இருந்தது. வெறும் காய்ச்சல்தான். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். டாக்டர் செல்வியை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. "போன வருஷம் அந்தப் பக்கத்தைப் படிச்சிருக்கேங்கக்கா. நாலே வரி. மனப்பாடம் பண்ணி வச்சிருக்கலாம்" என்றாள்.

சுவரில் ஒட்டியது

அதற்குப் பிறகு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆபீஸ் மூலையில் இன்னும் உயிரோடிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் உதவிக் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, பக்கத்து கம்ப்யூட்டரில் மறுபடி தட்ட ஆரம்பித்தேன். தவறினால் நோயாளிக்கு ஆபத்து என்று தோன்றிய நாற்பது பக்கங்களை முதலில் முடித்து, தாளில் அச்சடித்து எல்லா லேப்புக்கும் அனுப்பினேன். பச்சைமலை ஆஸ்பத்திரிக்கு மட்டும் நேரில் எடுத்துப் போனேன்.

செல்வி வேலையை விட்டுப் போயிருந்தாள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. புதிதாக வந்திருந்த பெண், நான் சுவரில் ஒட்டுவதற்குத் தாளைப் பிடித்துக் கொடுத்தாள். சிவந்த மாதிரியைப் பற்றிய அந்த நாலு வரியை வாய்விட்டுப் படித்தாள். அதற்குக் கீழே, ரிப்போர்ட்டை நிறுத்திவைப்பது எப்படி என்பதையும் படித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். ரவி போன மாதம்தான் எல்லா லேப்புக்கும் புதுப் பதிப்பு அனுப்பியிருந்தார். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இதுல போட்டிருக்கிற பட்டன் இங்க இல்லையேங்க?"

இப்போது நூற்றுப்பத்தாவது பக்கத்தில் இருக்கிறேன், கடைசிப் பக்கத்தை முடிப்பதற்குள் இதையும் திறக்காத ஒரு பதிப்பு வந்துவிடும் என்பதைத் தெரிந்துகொள்ள மட்டும் எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.