நான்காவது முக்கோணம்

ஹப்சிகுடா வீட்டில் கொள்ளுப்பேத்தி ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்ததும் பென்சில் சீவல் வாசனை வந்தது. எனக்கு எங்கள் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்துவிட்டது.

நிஜாம் ஆட்சியின் கடைசி வருடம். யாரும் யாரையும் நம்பாத காலம். எனக்குப் பதினொரு வயது. அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஒருநாள் மாலை வீட்டைச் சோதனை போட வந்த போலீஸ்காரர் என் கணக்கு நோட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"இது எந்த எடத்து நக்‌ஷா?"

"வரைபடம் இல்லீங்க சாப், பொண்ணோட பாடம்" என்றார் அப்பா.

"நீ பேச நக்கோ. அவ சொல்லட்டும்."

நான் விரல் வைத்துக் காட்டினேன். "மூணு கோணமும் செங்கோணத்தைவிடச் சின்னதா இருந்தா குறுங்கோண முக்கோணம். ஒண்ணு நேர் மூலையா இருந்தா செங்கோண முக்கோணம். ஒண்ணு அதைவிட விரிஞ்சிருந்தா விரிகோண முக்கோணம்."

"அப்போ இது?"

அவர் காட்டிய நான்காவது முக்கோணத்தை நான் வரையவே இல்லை. அது அப்பாவின் தடித்த பென்சில் கோடு. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு காகிதத்தின் செங்கோண மூலையை அதன் பெரிய கோணத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். கோணம் சற்று வெளியே விரிந்தது.

"விரிகோணம், சாப். டீச்சர் வரையச் சொன்னாங்க."

அவரும் அதே காகிதத்தை வைத்துப் பார்த்தார். "ஹவ்" என்று ஒப்புக்கொண்டு கிளம்பிப் போனார்.

அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

"அது என்னப்பா?"

"உன் பாடந்தானே" என்றார்.

அதன்பிறகு, நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்புவேன்.